மஞ்சள் துணி கட்டிய வேம்பு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் முல்லை நகர் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் தலையைச் சொறிவார்கள். கண்டக்டர் வீட்டு வேப்பமரம் என்று சொன்னால் போதும், நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட்டார்கள் என்றுதான் இப்போது சொல்லவேண்டும். போன கார்த்திகையோடு அந்த மரம் போய்விட்டது. மழையில் போச்சு என்று தெருவே சொல்கிறது. வீரமணியும் கேட்டவர்களிடம் எல்லாம் மழை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், மூன்று நாள் வரைக்கும்.

வீரமணி முப்பத்தாறு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். கரும்பு வெட்டப் போகிற பொம்பளை ஒருத்தி மடியில் சேவலோடு ஏறி, கோழிக்கெல்லாம் டிக்கெட்டா என்று சண்டைக்கு நின்றால், "மடியில இருக்கற வரைக்கும் ஃப்ரீ. கீழ எறங்கி நடந்துதுன்னா ஃபுல் டிக்கெட்டு" என்பார். பஸ்ஸே சிரிக்கும். போலீஸ்காரன் கேட்டாலும் பதில், செக்கிங் இன்ஸ்பெக்டர் கேட்டாலும் பதில். யாருக்கும் கடன் வைத்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு ஒரே ஒரு ஆளிடம் "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை பாருங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எண்பத்து மூன்றில் அந்த இடம் நகர் கிடையாது, கம்பங்கொல்லை. கல் நட்டு மனை போட்டபோது ஒரு மனையின் நட்டநடுவில் பழைய வரப்பு வேம்பு ஒன்று நின்றது. ஹால் வரவேண்டிய இடத்தில் மரம் நிற்கிறதே என்று ஒருத்தரும் அந்த மனையைத் தொடவில்லை. வெட்டித் தருகிறேன் என்று மனைக்காரர் இறங்கி வந்தார். வீரமணி, "மரத்தோட குடுத்தா நான் எடுத்துக்கறேன். வெட்டினீங்கன்னா எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டார். புதுசாகக் கல்யாணமாகி வந்த தைலம்மாளுக்கு அது புரியவே இல்லை. தகரக் கூரைக்குக் கீழே நாளைக்குப் பதினோரு மணி நேரம் நின்றுகொண்டே வருகிறவனுக்கு நிழல் என்றால் என்ன என்று, உட்கார்ந்து வருகிறவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வீட்டைப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். முன்வாசல் முழுக்க மரத்துக்கு என்று ஆகிப்போனது.

வாசல் கேட்டோரம் ஒரு புங்கங்கன்று வைத்தார். அந்த வருஷம் கிணறு காய்ந்து கிடந்தது. கடைசி ட்ரிப்பில் கச்சிராயபாளையம் பஸ் நிலையத்துக் குழாயில் ஒரு கேன் தண்ணீர் பிடித்து, இன்ஜின் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். நகர் திருப்பத்தில் டிரைவர் ரெண்டு நிமிஷம் நிறுத்துவார். ஜனங்கள் முணுமுணுக்கும். "கொழந்தைக்குப் பால்யா, இதோ ஊத்திட்டு வந்துடறேன்" என்று ஓடுவார். அப்படி வளர்ந்த புங்கன் இருபது வருஷத்தில் கேட்டையே மூடிக்கொண்டு நின்றது. கிளை கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று, தெருவில் போன விறகுக்காரனை வீரமணியே கூப்பிட்டுக் காட்டினார். அவன் கொடுவாளால் கொத்திக் கொத்தி எடுத்தான். பாதிக் கிளை வெட்டாமலே உரிந்துகொண்டு இறங்கியது. முண்டு முண்டாக விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த முண்டுகளில் மழைத் தண்ணீர் நின்று, உள்ளுக்குள்ளேயே அழுகி, ரெண்டு மழைக்காலம்கூட அந்த மரம் தாங்கவில்லை. ட்ராக்டரில் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு வீரமணி டூட்டிக்குப் போகவில்லை. இனிமேல் வேம்பின் மேல் ஒரு இரும்பு படக்கூடாது என்று அன்றைக்கு முடிவு கட்டினார். அதில் தப்பொன்றும் சொல்லமுடியாது. சூடு பட்டவர்.

ரிட்டயரான பிறகு வேலையே அந்த மரம்தான். விடிந்ததும் சருகு கூட்டுவது, தேங்காய் மட்டையால் கரையான் புற்றைத் தேய்த்து எடுப்பது, சித்திரையில் வேரைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீர் விடுவது. வேப்பமரத்துக்கே வேப்பம்புண்ணாக்கு வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் கேலி செய்தார்கள். மனுசர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிழக்குப் பக்கத்து வீடு காஜா மைதீன் வீடு. கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். இருபது வருஷத்துப் பழக்கம். வீரமணியை விட நாலைந்து வயது சின்னவர் என்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வீரமணியின் ஒரே மகள் எழில்மதி கல்யாணத்துக்குக் கூறைப் புடவை எடுத்தது அந்தக் கடையில்தான். முகூர்த்தத்தன்று பந்தலில் ஓடியாடி இலை போட்டதும் பாய்தான்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் பாய் தன் மகன் சுஐப் கல்யாணத்துக்காக மாடி எடுத்தார். வேம்பின் கிழக்குக் கிளை ஒன்று, ஆள் இடுப்புத் தடிமன் இருக்கும், அந்த மாடிக்கு மேலே குடை மாதிரி கவிந்து நின்றது. சருகும் பழமும் விழுந்து மொட்டை மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து பாய் கேட்டார்.

"அண்ணே, அந்தக் கெழக்கால வர்ற கிளை ஒண்ணே ஒண்ணு. செலவு என்னோடது. நல்ல ஆளா பாத்து இட்டாரேன்."

"பாக்கலாம் பாய்" என்றார் வீரமணி.

அடுத்த வெள்ளியும் கேட்டார். பாக்கலாம் பாய். மூன்றாவது வெள்ளி வந்து, திங்கட்கிழமைக்கு ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் வீட்டில் இருங்கள் என்றார். வீரமணியின் கண்ணுக்குள் புங்கமரத்து முண்டு வந்து நின்றது. ஆனால் வாயில், "வரச் சொல்லுங்க" என்று வந்தது. வேண்டாத ஆளாக இருந்தால் நறுக்கென்று சொல்லியிருப்பார். நல்ல மனுசனிடம் இல்லை என்று சொல்ல ஒரு பழக்கம் வேண்டும். அது அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூரா யோசித்தார். புத்தி குறுக்கு வழியில்தான் போனது. கடைவீதிக்குப் போய் மூன்று மீட்டர் மஞ்சள் துணி வாங்கினார். எந்தக் கடையில் என்று நினைக்கிறீர்கள்? பாய் கடையில். வீட்டில் ஒரு கைக்குட்டை வாங்குவதென்றாலும் இருபது வருஷமாக அங்கேதான் போய்ப் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது. பாய் கடையில் இல்லை. சுஐப்தான் ஓரத்தில் பச்சைக் கோடு போட்ட துணியைக் கிழித்து மடித்துக் கொடுத்தான்.

"இன்னா மாமா விசேஷம்?"

"உங்க அத்தைக்கு ஒரு வேண்டுதல்டா" என்றார்.

திங்கட்கிழமை விடியற்காலை அந்தத் துணியை மஞ்சளில் நனைத்து, மரத்தின் நெஞ்சளவு உயரத்தில் சுற்றிக் கட்டி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் ஒன்றையும் நறுக்கி வைத்துவிட்டார். சாமி பூதம் என்று எதையும் பெரிதாக நினைக்காத ஆள். கோமுகி அணைப் பக்கம் திருவிழா ஸ்பெஷல் பஸ் ஓடுகிற நாளில்கூட கோயிலுக்குள் எட்டிப் பார்க்காமல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். தைலம்மாள் வாசல் தெளிக்க வந்து பார்த்துத் திகைத்து நின்றார்.

"இன்னாங்க இது?"

"கனவுல வந்தா தைலம். மஞ்சப் பொடவ கட்டிக்கினு மரத்தடியில ஒரு பொம்பள உக்காந்துனு இருந்தா. என் வூட்டயா இடிக்கப் போறீங்கன்னு கேட்டா."

எத்தனை சுலபமாக வந்தது பாருங்கள். தைலம்மாள் கையில் இருந்த சாணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீரமணி வேறு பக்கம் பார்த்தார்.

எட்டு மணிக்கு மரம் வெட்டுகிற ஆள் வந்தான். துணியைப் பார்த்ததும் கொடுவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினான். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பாய் வந்து நின்றார். மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீரமணியை ஒரு தடவை பார்த்தார். "சரிண்ணே" என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் கிளையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. வம்பே இல்லாமல் காரியம் முடிந்தது என்று வீரமணிக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தைலம்மாள் விளக்கேற்றினார். அடுத்த வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றினார்கள். தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த எழில்மதிக்குப் பத்து வருஷமாகக் குழந்தை இல்லை. வந்தவள் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் சுபஸ்ரீ பிறந்தாள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியதும், ஊசி போட்டதும் எல்லாம் தெருவுக்கு மறந்துவிட்டது. தைலம்மாளுக்கு எல்லாமே ஆத்தாள் கொடுத்தது. பேத்தியை மரத்தடியில் கிடத்திக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற வீரமணி உண்மையைச் சொல்கிற காலமெல்லாம் கடந்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தார். அவர் வாழ்க்கையில் நினைத்ததிலேயே பெரிய தப்பு அது.

சாமி வந்தபிறகு மரத்துக்கு வந்த கேடுகளைக் கேளுங்கள். வேரைச் சுற்றி வீரமணி கட்டி வைத்திருந்த பாத்தியை மூடி, தெருக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு சிமெண்ட் மேடை எழுப்பினார்கள். வேல் மாட்ட ஆணி அடித்தார்கள். எண்ணெய் விளக்கின் சூட்டில் ஒரு பக்கப் பட்டை கருகியது. ஆடிக்கு ஆடி பழைய துணியின் மேலேயே புதுத் துணி கட்டினார்கள். கரையான் தேய்க்கப் போனால், "சாமி மேல மட்டையக் கொண்டாந்து தேய்க்கறீங்களே" என்று தைலம்மாள் தடுத்தார். மண்வெட்டி எடுக்கக்கூடாது, செருப்புக் காலோடு போகக்கூடாது. முப்பத்தாறு வருஷம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த மரத்தை, தான் கட்டிய ஒரு துண்டுத் துணி தன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவதை அந்த மனுசர் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஐப்பசியில் ஒரு நாள் கிழக்குக் கிளை பிரிகிற கவட்டில் காளான் பூத்திருந்தது. தட்டு தட்டாக, மரத்தோடு ஒட்டிய காளான். கிளையின் நுனி வேறு காய ஆரம்பித்திருந்தது. வீரமணி அன்றைக்கே ஆள் தேடக் கிளம்பினார். விசாரித்து, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஆள் ஒருவரை வரவழைத்தார். பகலவன் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். மாதத்தில் பத்து நாள் கயிறும் கைவாளும் எடுத்துக்கொண்டு மலையிறங்கி, வீட்டு மரங்களைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகிறவர். கொடுவாளைத் தொடமாட்டார். கிளை தூரோடு சேர்கிற கழுத்து பார்த்து வாளால் அறுக்கவேண்டும் என்பார்.

பகலவன் ஏறவில்லை. கீழே நின்றே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாளின் பின்பக்கத்தால் தூரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"மரம் இன்னும் கெடல சார். இந்த ஒரு கிளையில்தான் சொத்தை. கவட்டுல தண்ணி நின்னு நின்னு உள்ள எறங்கிக்கினு இருக்குது. இந்தக் கிளைய ஒழுங்கா எடுத்துட்டு, இந்த சிமெண்ட்ட ஒடைச்சு வேருக்கு மூச்சு வுட்டீங்கன்னா, இன்னும் இருபது வருசம் நிக்கும். எடுக்கலன்னா ரெண்டு மழை தாங்காது. கிளை மட்டும் போவாது, அடிவரைக்கும் பொளந்துக்கும்."

"எடுத்துடுங்க" என்றார் வீரமணி.

"துணி கட்டியிருக்குதே சார்." பகலவன் வாளை உறைக்குள் போட்டுக்கொண்டார். "நான் கை வைக்கமாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது. உத்தரவு வாங்கிக் குடுங்க, ஏறிடறேன்."

உத்தரவு என்றதும் தைலம்மாள் பூக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்றார். வாழையிலையில் சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் வெட்டலாம், வெள்ளை வந்தால் கூடாது. எடுப்பதற்குப் பேத்தி சுபஸ்ரீ இருந்தாள், ரெண்டு வயது. பொட்டலத்தை மடித்தது வீரமணிதான். ரெண்டிலும் அரளியையே வைத்து மடித்திருக்கலாம். டிக்கெட் கட்டைப் புரட்டிப் புரட்டித் தேர்ந்த கைக்கு அது ஒரு வேலையே இல்லை. ஏனோ செய்யவில்லை. இல்லாவிட்டால், துணி கட்டியது நான், கனவெல்லாம் பொய், ஏறுங்கள் தம்பி என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தைலம்மாள் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தார் வீரமணி. பொட்டலம் ரெண்டையும் பேத்தி முன்னால் வைத்தார்.

சுபஸ்ரீ பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வெள்ளை.

அப்போது அவர் மனசில் என்ன தோன்றியது தெரியுமா? பயம் இல்லை. நிம்மதி. நல்லவேளை, இரும்பு படவில்லை என்று ஒரு நிம்மதி. புங்கமரத்துப் பயம் அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் உள்ளே உட்கார்ந்திருந்தது. பொய் என்று தெரிந்த சாமியின் முந்தானைக்குள் போய்த் தானும் ஒளிந்துகொண்டார். பகலவன் கும்பிட்டுவிட்டு, வண்டிச் செலவுகூட வாங்காமல் போய்விட்டார்.

ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்த கார்த்திகையில் ரெண்டு நாள் விடாத மழை. மூன்றாவது நாள் காலை கொஞ்சம் ஓய்ந்து வெறித்தது. வீரமணி உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். துணி கிழிகிற மாதிரிதான் முதலில் சத்தம் கேட்டது. அப்புறம் தரை அதிர்ந்தது. வெளியே ஓடி வந்து பார்த்தால், கிழக்குக் கிளை மரத்தின் பாதியைப் பிளந்து எடுத்துக்கொண்டு போய், காம்பவுண்டை உடைத்து, பாயின் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் கிடந்தது. நூர்ஜகான் அலறுகிற சத்தம் கேட்டது. பாயின் மனைவி. சத்தம் போட்டுப் பேசிக்கூட யாரும் கேட்டதில்லை அவரை.

பாய் மாடியில் இருந்திருக்கிறார். மழை வெறித்த நேரத்தில் குழாயில் அடைத்த வேப்பஞ்சருகை அள்ளப் போயிருக்கிறார். அஞ்சு வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் அவரேதான் ஏறி அள்ளிக்கொண்டிருந்தார் என்பது வீரமணிக்கு அன்றைக்குத்தான் தெரியும். இலைக்குள்ளிருந்து அவரை இழுத்து எடுத்தபோது ஒரு கையில் ஈரச் சருகு அப்படியே இருந்தது. வலது தோளும் மேல்கையும் நொறுங்கிப் போயிருந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்ல மத்தியானம் ஆனது. துணி கிழிக்கிற கை, அளக்கிற கை. இனிமேல் தலைக்கு மேலே தூக்கமுடியாது என்றும் டாக்டர் சொன்னார்.

ரெண்டு நாள் வீரமணி ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார். உள்ளே போக முகமில்லை. மூன்றாம் நாள் பாயை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். போய்த்தான் ஆகவேண்டும். போனார். பாய் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கழுத்திலிருந்து கட்டு. வீரமணியைப் பார்த்ததும், "வாங்கண்ணே, உக்காருங்க. மழை இப்படிக் கொட்டுனா யார் இன்னா பண்றது" என்றார். அந்த மரியாதைதான் தாங்கமுடியவில்லை.

"பாய், ஒண்ணு சொல்லணும். அந்த மஞ்சத் துணி..."

"தெரியும்ண்ணே."

"இன்னா தெரியும்?"

"ஓரத்துல பச்சைக் கோடு. அந்தச் சரக்கு இந்த ஊர்ல என் கடையத் தவிர எங்கயும் கெடையாது. ஈரோட்ல நானே போயி எடுத்தார்றது. அன்னிக்குக் காலைல செவுத்தாண்ட வந்து நிக்கறப்பவே கண்ணுல பட்டுடுச்சு. கடைக்குப் போயி சுஐப்பக் கேட்டேன். நேத்து மாமாதான் வாங்கினு போனார்ன்னான்."

"அப்ப ஏன் பாய் ஒரு வார்த்தை கேக்கல?"

"கோவம்தான் வந்துது. ஒரு மாசம் உங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. வெட்ட இஷ்டமில்ல பாய்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வுட்டிருப்பேனே. இருபது வருசம் பக்கத்து வூடு. என்கிட்ட இல்லன்னு சொல்றதுக்கு சாமியக் கூப்புடணுமா? சரி, அப்புறமா ஒரு நா சொல்லிக் கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அண்ணி வெளக்கேத்த ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க நெசமா கும்புடுறாங்க. எழில்மதி பாப்பாவுக்குக் கொழந்தயும் பொறந்துது. இதுக்கு மேல நான் வாயத் தொறந்தா அண்ணி மனசு இன்னா ஆவறது? அதுல கை வைக்க நான் யாரு. வுட்டுட்டேன்."

நூர்ஜகான் டீ கொண்டுவந்து வைத்தார். "ஆறிடப் போவுதுண்ணே, குடிங்க" என்றார். ஒரு வாய் குடித்தார் வீரமணி. மீதியை வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்தால் கேட்டில், சேதி கேட்டு மலையிறங்கி வந்த பகலவன் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். கூட ரெண்டு பேர். மீதிப் பாதி மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. பிளந்த இடத்தில் உள்ளே கருப்பாக, கையால் தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. அந்தச் சொத்தைக்கு மேலும் கீழும் மரம் பால் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல சார். முழுசா எறக்கணும், இல்லன்னா உங்க வூட்டு மேலயே வுழும்" என்றார் பகலவன். "ஆனா துணி..."

"பூப் பொட்டலம் கட்டிக்கினு இருக்கேன் தம்பி, கேட்டுடலாம், செத்த இருங்க" என்றார் தைலம்மாள். சிமெண்ட் மேடையில் வாழையிலையும் அரளியும் நந்தியாவட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அழுத முகம்.

"தைலம், பூ வாணாம்."

"ஏங்க?"

வீரமணி சொன்னார். நின்றபடியே, தரையைப் பார்த்தபடியே சொன்னார். கனவு வரவில்லை. மஞ்சள் புடவை கட்டிய பொம்பளை வரவில்லை. பாய் கிளையை வெட்டக் கேட்டார், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அதற்குக் கட்டியது. கடையில் வாங்கிய துணி. பாய்க்கும் தெரியும். அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பகலவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தைலம்மாள் கையில் இருந்த அரளியைத் திரும்ப இலையில் வைத்தார். கத்துவார், அழுவார், என் பேத்தி பொறந்தது பொய்யா என்று கேட்பார் என்றெல்லாம் அஞ்சு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த வீரமணி காத்துக்கொண்டு நின்றார். தைலம்மாள் பிளந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"போன வருசம் இந்தத் தம்பி வந்து, ஒரு கிளைய எடுத்தா மரம் பொழைச்சிக்கும்னு சொன்னப்ப நீங்க இங்கதான நின்னுக்கினு இருந்தீங்க?"

"ஆமா."

"அன்னிக்கு சொல்லியிருந்தா நானே அவுத்துப் போட்டிருப்பேனே. ஆத்தா இந்தத் துணியிலயா குந்திக்கினு இருக்கா? மரம் நின்னுருக்கும். அந்த மனுசன் கை நல்லா இருந்திருக்கும். என்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு இன்னாங்க பயம்?"

முப்பத்தாறு வருஷம் பஸ்ஸில் எவன் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்த மனுசர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, மூடிக்கொண்டார்.

தைலம்மாள் எழுந்து மரத்திடம் போனார். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார், இறுகிப் போயிருந்தது. பகலவனிடம் கத்தி வாங்கினார். அஞ்சு வருஷத்துத் துணி, ஒன்றின் மேல் ஒன்று. மேலே இருந்ததை அறுத்து எடுத்துக் கண்ணில் ஒற்றி மடித்தார். அடுத்ததையும் அப்படியே. ஒவ்வொன்றாக மடித்து முந்தானையில் போட்டுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் அடியில் மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டு முதல் துணி இருந்தது. அதைப் பிய்த்து எடுத்து, மடிக்காமல், வீரமணியின் கையில் கொடுத்தார்.

"இது உங்குளுது" என்றார்.

மற்றதை முந்தானையோடு பிடித்துக்கொண்டு, வந்த ஆட்களுக்கு டீத்தண்ணி வைக்க உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வாள் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வீரமணி வாசலிலேயே நின்றார். மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கருத்துப்போன அந்தத் துணியின் ஓரத்தில் பச்சைக் கோடு இன்னும் தெரிந்தது.